ஏரிக்கு அந்தப் பக்கம் இரண்டு நிமிடம்

வாடகைக் கொட்டேஜின் விளம்பரத்தில் "ஸ்னோமொபைல் தடத்துக்கு இரண்டே நிமிடம்" என்று போட்டிருந்தார்கள். ஸ்னோமொபைல் என்பது பனியில் ஓடும் வண்டி, நாங்கள் ஸ்லெட் என்போம். விளம்பரத்தில் பொய் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு முன்னால் ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் தடம். குறுக்கே போனால் இரண்டு நிமிடம்தான். ஏரி உறைந்திருக்க வேண்டும், அவ்வளவே.

அது 2024 ஜனவரி. எல் நினோவால் சூடு கூடிப் பனி குறைந்தது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த குளிர்காலம். தென் ஒன்ராறியோவில் பல தடங்கள் அந்த வருடம் திறந்திருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து மூன்று குடும்பமாக, வடக்கே ஏரிகள் நிறைந்த மஸ்கோகாவுக்குப் போயிருந்தோம். அத்தானின் பிக்கப், அதற்குப் பின்னால் ட்ரெய்லரில் இரண்டு பழைய ஸ்லெட், ஒரு பெட்டி நிறைய இடியப்பமும் சம்பலும். போய் இறங்கியதும் நான் ஏரியைப் பார்த்தேன். கரையோரம் வெள்ளை. நடுவில் கறுப்பு. பக்கத்து வீட்டில் படகு கட்டும் டொக்கைச் சுற்றித் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"தம்பி, உது ஏன் கொதிக்குது?" என்றார் அத்தான்.

எனக்கும் அன்றைக்குத் தெரியாது. பிறகுதான் விசாரித்தேன். ஏரி உறைந்து ஐஸ் விரியும்போது மரத்தால் கட்டிய டொக்கையும் படகுக் கொட்டிலையும் நெரித்து உடைத்துவிடும். அதனால் தண்ணீருக்கு அடியில் ஒரு சின்ன மோட்டாரோ காற்றுக் குழாயோ போட்டு, கீழே இருக்கும் சற்றுச் சூடான தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருப்பார்கள். பப்ளர் என்று பெயர். டொக் தப்பிவிடும். ஆனால் சுற்றிவர ஐஸ் மெல்லிசாக இருக்கும், சில இடத்தில் இருக்கவே இருக்காது. மேலே ஒரு சாண் பனி விழுந்து மூடிவிட்டால் எது தரை, எது பொறி என்று கண்ணுக்குத் தெரியாது. படகுக் கொட்டில்கள் வரிசையாக நிற்கும் பணக்காரக் கரைகளில் இந்தப் பொறியும் வரிசையாகவே இருக்கும்.

சரி, ஏரி இல்லை. அப்படியானால் ரோட்டால் சுற்றிப் போகவேண்டும். இருபது கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முதலில் ட்ரெய்லரை வெளியே எடுக்க வேண்டும். கொட்டேஜின் டிரைவ்வே ஏரியை நோக்கிச் சரிவாக இறங்கியது; முந்தின நாள் பெய்த மழை இரவில் உறைந்து கண்ணாடியாகிக் கிடந்தது. அத்தான் பதினெட்டுச் சக்கர லொறி ஓட்டுகிறவர், அவருக்கே வேர்த்துவிட்டது. இரண்டு மணித்தியாலம் உப்பும் மண்ணும் போட்டு, ட்ரெய்லர் குறுக்கே மடங்கி, மறுபடி நிமிர்த்தி, வெளியே வந்தபோது பின்னேரம் மூன்று மணி. ஜனவரியில் ஐந்து மணிக்கு இருட்டிவிடும். அன்றைக்கு நாங்கள் ஓடிய தூரம் 14 கிலோமீட்டர்.

அந்த இரண்டு நாளுக்குக் கொடுத்த வாடகையை இங்கே எழுதமாட்டேன். அக்கா இதைப் படிக்கிறவர்.

பிழை கொட்டேஜ்காரருடையதல்ல. நாங்கள் கோடைக் கண்ணால் இடம் தேடியிருந்தோம். ஏரி பார்த்த வராந்தா, கரைக்கு இறங்கும் படி, அயலில் ஆளில்லாத அமைதி, மெயின் ரோட்டிலிருந்து விலகிய காட்டுப் பாதை. ஜூலையில் இவை எல்லாம் காசு கொடுத்து வாங்கவேண்டிய நல்ல விஷயங்கள். ஸ்னோமொபைல் ஓடப் போகிறவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு தொல்லை. இப்போது ஆரும் என்னிடம் "எங்கே தங்கலாம்" என்று கேட்டால், கோடையில் நீங்கள் திரும்பியும் பார்க்காத இடத்தைத்தான் சொல்கிறேன்.

முதலில் பனி எங்கே விழுகிறது என்பதைப் பார்க்கவேண்டும். ரொறன்ரோவில் நாங்கள் "வடக்கே போனால் பனி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுவோம். அது பாதி உண்மை. மேற்கிலிருந்து வரும் குளிர்காற்று, இன்னும் உறையாத, ஹூரன் ஏரியின் கிளையான ஜோர்ஜியன் விரிகுடாவின் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, கரை ஏறியதும் கொட்டிவிடுகிறது. அதனால்தான் பாரி சவுண்டும், மஸ்கோகாவில் நெடுஞ்சாலை 11-ஐ ஒட்டிய கிரேவன்ஹேர்ஸ்ட், பிரேஸ்பிரிட்ஜ், ஹன்ட்ஸ்வில் ஊர்களும் திடீரென்று புதைந்துபோகும். 2024 நவம்பர் கடைசியில் கிரேவன்ஹேர்ஸ்டில் இரண்டு மூன்று நாளில் ஒரு மீட்டருக்கு மேல் விழுந்தது. நெடுஞ்சாலையை மூடினார்கள், ஊரில் அவசரநிலை அறிவித்தார்கள். முந்தின குளிர்காலத்தில் பனியே இல்லாமல் நாங்கள் அலைந்ததும் அந்தப் பக்கத்தில்தான்!

ஹாலிபேர்ட்டன் பக்கம் மஸ்கோகாவுக்கும் கிழக்கே இருக்கிறது. விரிகுடாவின் கொடை அங்கே அவ்வளவு வந்து சேராது. ஆனால் அல்கொன்குவின் பூங்காவை நோக்கி நிலம் மேடாகிக்கொண்டே போகிற இடம் அது. தெற்கே லின்ட்ஸியிலும் பீற்றர்பரோவிலும் மழையாகக் கொட்டுவது அங்கே பல தடவை பனியாக விழுகிறது. விழுந்ததும் கொஞ்சம் கூட நாள் நிற்கும். என் கைக்கணக்கு, நெடுஞ்சாலை 118-க்குத் தெற்கே தங்குவதற்கு முன்பணம் கட்டுவதில்லை. பிரேஸ்பிரிட்ஜிலிருந்து கார்னாவன் வழியாக ஹாலிபேர்ட்டன் போகிற அந்த ரோடு ஒன்றும் அறிவியல் எல்லை அல்ல. மூன்று வருடம் ஏமாந்ததில் வந்த கோடு. பனி நிச்சயமாக வேண்டுமென்றால் இன்னும் மேலே, சன்ட்ரிட்ஜ், சவுத் ரிவர் பக்கம் போய்விடலாம். ரொறன்ரோவிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். வெள்ளி இரவு வேலை முடித்து ட்ரெய்லரும் இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு அது சின்ன விஷயமல்ல.

பனி இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. ஒன்ராறியோவில் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் ஸ்னோமொபைல் தடம் இருக்கிறது. ஊர் ஊராக இருக்கும் கழகங்கள்தான் அவற்றைப் பார்க்கின்றன, பெரும்பாலும் சம்பளமில்லாத ஆட்கள். அவர்கள் எல்லாருக்கும் மேலே ஒரு மாகாணக் கூட்டமைப்பு. பெர்மிட் வாங்காமல் அந்தத் தடத்தில் ஏறக்கூடாது, சட்டம். நவம்பருக்கு முன் வாங்கினால் மலிவு. அதனால் பனி வருமா வராதா என்று தெரியாமலே காசைக் கட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மானாவாரிக் கமம் செய்கிறவன் மாதிரி.

கூட்டமைப்பின் இணைய வரைபடத்தில் தடங்கள் மூன்று நிறத்தில் தெரியும். பச்சை திறந்திருக்கிறது, மஞ்சள் ஓடலாம் ஆனால் கவனம், சிவப்பு மூடியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் வரைபடத்தில் கோடுகள் நிறைய இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அதைவிட, ஜனவரி முதல் கிழமையில் எந்தக் கோடு முதலில் மஞ்சளாகிறது என்று ஒரு வருடம் சும்மா இருந்து பாருங்கள். நிறையச் சொல்லும். ஏரியைக் கடக்கும் தடம் கடைசியில் திறக்கும், முதலில் மூடும். சதுப்பு நிலத்தால் போகிறதும் அப்படித்தான், தரை கெட்டியாக உறைய வேண்டும். முதலில் திறப்பது பழைய ரயில் பாதை. சமதரை, கீழே சரளைக்கல், குறுக்கே கல்லும் வேரும் இல்லை. கொஞ்சப் பனியே காணும்.

கின்மவுண்டிலிருந்து ஹாலிபேர்ட்டன் வரை அப்படி ஒன்று இருக்கிறது, 36 கிலோமீட்டர். 1878-இல் ஹாலிபேர்ட்டனுக்கு வந்த விக்டோரியா ரயில்வேயின் பாதை. மரம் ஏற்றிய காலம் போய், ரயிலும் போய், தண்டவாளத்தையும் கழற்றியாகிவிட்டது. கோடையில் சைக்கிள், குளிர்காலத்தில் ஸ்லெட். முதல் தடவை அதில் ஓடியபோது என் மனம் வேறெங்கோ போய்விட்டது. தண்டவாளம் இல்லாத ரயில் பாதையைப் பார்த்து வளர்ந்த ஆள் நான். 1990-இல் யாழ்தேவி ரயில் நின்ற பிறகு எங்கள் பக்கத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் யுத்தத்தில் பங்கர் கட்டப் போய்விட்டன. வெறும் மேட்டில் மாடு மேய்ந்தது. 2014-இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப வந்தது. ஹாலிபேர்ட்டனுக்கு வராது. பழைய ஸ்டேஷன் கட்டடத்தில் இப்போது ஓவியக்கூடம் நடத்துகிறார்கள்.

ரயில் பாதையில் ஒரு குறையும் உண்டு. நேராகப் போகும், அலுக்கும். இன்னொன்று ஸ்லெட் சூடாகிவிடும். இப்போதைய இயந்திரங்கள் பலவற்றுக்குக் காரில் இருப்பதுபோல் ரேடியேட்டர் கிடையாது. ரப்பர் ட்ராக் சுழன்று அள்ளிவீசும் பனி, அடியில் இருக்கும் குளிர்விப்பான்களில் பட்டுத்தான் என்ஜின் ஆறுகிறது. இறுகி ஐஸாகிப்போன பாதையில் அள்ளுவதற்குப் பனி இல்லை. எங்கள் ஸ்லெட்டில் கெலர்ட் தாண்டியதும் சிவப்பு லைட் எரிந்தது. அத்தான் எண்ணெய் குறைந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தி மூடியைத் திறக்கப் போனார். பின்னால் வந்த ஒரு கிழவர் நின்று, ஒன்றும் சொல்லாமல், ஓரத்தில் கிடந்த மெல்லிய பனியைக் காலால் வாரி வாரி ட்ராக்குக்கு அடியில் தள்ளினார். பிறகு தன் ஸ்லெட்டின் ஸ்கீ அருகில் தொங்கிய கம்பிச் சுருளைத் தொட்டுக் காட்டினார். ஸ்கிராச்சர். ஓடும்போது ஐஸைச் சுரண்டித் தூளாக்கி உள்ளே எறியும் ஒரு கம்பி, அவ்வளவுதான். அடுத்த கிழமையே வாங்கிப் பூட்டினோம்.

ஆகவே ரயில் பாதை முதுகெலும்பு மாதிரி. அதை ஒட்டித் தங்கினால் மோசமான கிழமையிலும் வாசலிலிருந்து எங்காவது போகலாம். நல்ல கிழமையில் அதிலிருந்து கிளை பிரிந்து காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும் தடங்களுக்குப் போகலாம், உண்மையான சுகம் அங்கேதான். ஹாலிபேர்ட்டனில் இன்னொரு வசதி, வெஸ்ட் கில்ஃபோர்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர் தனியார் காடு ஒன்று இருக்கிறது, ஹாலிபேர்ட்டன் ஃபாரஸ்ட். அதற்குள் அவர்களே தனியாகத் தடம் போட்டுப் பராமரிக்கிறார்கள், தனி டிக்கெட். பொதுத்தடங்கள் சிவப்பாக இருக்கும் நாளில் இரண்டாவது வாசல் ஒன்று இருப்பது நல்லதுதானே.

இனி தங்கும் இடம். நான் சொல்வது ஊருக்குள் இருக்கும் சாதாரண மோட்டல். மெத்தை சுமார், திரைச்சீலை அதைவிடச் சுமார். ஆனால் முன்னால் பெரிய சமதரை, காலையில் ஊர்க்காரர் பனி தள்ளியிருப்பார், ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்காமலே வளைத்துத் திருப்பலாம். அறை வாசலில் ஸ்லெட்டை நிறுத்தலாம், படுக்கையில் இருந்தே அதைப் பார்க்கலாம். எந்த மோட்டலிலும் போனில் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ட்ரெய்லரோடு உள்ளே வந்தால், பின்னால் எடுக்காமல் வெளியே போக முடியுமா? பதில் சொல்லும் விதத்திலேயே ஆள் ஸ்லெட்காரரைக் கண்டவரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பெற்றோல் அடுத்தது. ஒரு தாங்கிக்கு 150, 200 கிலோமீட்டர் ஓடும் என்பார்கள்; ஆழமான பனியிலும் கடும் குளிரிலும் அந்தக் கணக்கு நிற்காது. சின்ன ஊர்களில் பம்ப் பின்னேரம் ஐந்து ஆறு மணிக்கே பூட்டிவிடும், சிலது குளிர்காலத்தில் திறக்கவே திறக்காது. இரவு தங்கும் ஊரிலேயே, ஸ்லெட்டில் போய் நிரப்பக்கூடிய நிலையம் இருக்கவேண்டும். இல்லையென்றால் காலையில் அரைத் தாங்கியோடு புறப்பட்டு நாள் முழுக்க ஊசிமுள்ளைப் பார்த்துக்கொண்டு ஓடவேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியைப் பற்றி ஆரும் கேட்பதில்லை. நான் பார்ப்பேன். மிண்டனில் இருந்த அவசர சிகிச்சைப் பிரிவை 2023 ஜூனில் மூடிவிட்டார்கள், இப்போது ஹாலிபேர்ட்டன் கவுண்டி முழுவதற்கும் ஹாலிபேர்ட்டன் ஊர் ஆஸ்பத்திரிதான். ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாத ஒரு கதை இந்த வண்டிக்கும் உண்டு. கியூபெக்கின் வல்கூரில் இருந்த ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே இளம் வயதிலிருந்தே பனியில் ஓடும் வண்டிக்கு முயன்றுகொண்டிருந்தவர். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் நோய் முற்றியது; பனி பாதையை மூடிவிட்டதால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை, பிள்ளை இறந்துபோனான். அவர் கைவிடாமல் செய்து செய்து, 1959-இல் ஸ்கீடூ என்ற ஸ்னோமொபைல் வந்தது. நாங்கள் விளையாட்டுக்கு ஓடும் வண்டிக்குப் பின்னால் அப்படி ஒரு இரவு இருக்கிறது. ஹெல்மெட் வாரை இறுக்கும்போது சிலவேளை நினைப்பேன்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று. 12 வயதிலிருந்து, அதற்குரிய வகுப்பு எடுத்து லைசென்ஸ் வாங்கினால் பிள்ளை தடத்தில் ஓட்டலாம். ஆனால் பொது ரோட்டைக் கடக்க 16 வயது வேண்டும். ஒவ்வொரு கடவையிலும் நீங்கள் இறங்கி, உங்கள் ஸ்லெட்டை அந்தப் பக்கம் விட்டுவிட்டு, நடந்து திரும்பிவந்து பிள்ளையின் ஸ்லெட்டை ஓட்டிக்கொண்டு போகவேண்டும். ஏஜாக்ஸ் நண்பர் 14 வயது மகனோடு வந்தபோது ஒரே காலையில் ஒன்பது தடவை இப்படிச் செய்தார். பத்தாவது ரோட்டில் "வீட்டை போவம்" என்றார். கடவைகள் குறைந்த பக்கம் தடம் புறப்படுகிறதா என்று வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். தடத்தில் வேக எல்லை 50 கிலோமீட்டர்தான். பிள்ளைகளுக்கு அது தாராளம், பெரியவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஏரியைப் பற்றி இன்னும் கொஞ்சம். நல்ல வருடத்தில், கம்பு நட்டு அடையாளம் போட்ட ஏரித் தடத்தில் நானும் ஓடுவேன். தெளிவான நீல ஐஸ் 15 சென்டிமீட்டர் இருந்தால் ஒரு ஸ்லெட்டைத் தாங்கும் என்று புத்தகக் கணக்கு; வெள்ளையாகக் கலங்கிய ஐஸுக்குப் பலம் அதில் பாதி. ஆறு வந்து விழும் வாயிலும், இரண்டு ஏரி சேரும் இடுக்கிலும் நீரோட்டம் கீழே அரித்துக்கொண்டே இருக்கும். கழுத்தில் இரண்டு ஐஸ் ஆணி தொங்காமல் நான் இறங்குவதில்லை. விழுந்தால் அவற்றைக் குத்திக் குத்தித்தான் மேலே ஏறமுடியும்.

ஆனால் எங்களைப் பிடித்தது மெல்லிய ஐஸ் அல்ல, ஸ்லஷ். தடிப்பான ஐஸ்தான். அதன் மேல் ஒரே இரவில் நிறையப் பனி விழுந்து பாரம் ஐஸை அமுக்க, வெடிப்பால் தண்ணீர் மேலே ஏறி, பனிக்கு அடியில் ஒளிந்து நிற்கும். மேலே பார்த்தால் வெள்ளைவெளேர் என்று அழகாக இருக்கும். நான் படம் எடுக்க நிறுத்தினேன். நிறுத்தவே கூடாது என்பது அப்போது தெரியாது. ஸ்லெட் மெல்லக் குந்தியது, பின்பக்கம் சாம்பல்நிறக் கூழுக்குள் போனது. காலை வைத்தால் முழங்கால் மட்டும் தண்ணீர். 250 கிலோவுக்கு மேல் இருக்கும் அந்த வண்டியை நாலு பேர் சேர்ந்து தூக்கி, முன்னால் பனியை மிதித்து மிதித்துப் பாதை செய்து, வெளியே எடுக்க ஒன்றரை மணித்தியாலம். சப்பாத்துக்குள் தண்ணீர் நொளுக்கு நொளுக்கு என்றது.

கதை அதோடு முடியவில்லை. அன்றிரவு அப்படியே நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டோம். காலையில் மைனஸ் 24. ட்ராக்குக்குள் புகுந்த கூழ் முழுவதும் இறுகிக் கல்லாகி, என்ஜின் ஓடுகிறது, ட்ராக் அசையவில்லை. மோட்டல்காரர் கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்து பார்த்தார். ஒரு சுத்தியல் கொண்டுவந்து கொடுத்தார். "இரவு நிறுத்த முதல் பின்பக்கத்தைத் தூக்கி ட்ராக்கைச் சுழற்றிக் கூழை உதறவேண்டும். பிறகு இரண்டு பலகையின் மேல் நிறுத்தவேண்டும்" என்றார். பலகைகள் எங்கே என்று கேட்டேன். ஒவ்வொரு அறை வாசலிலும் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார். இரண்டு நாளாக அவற்றை நாங்கள் செருப்பு வைக்கிற பலகை என்று நினைத்து, அதன் மேல் சப்பாத்து அடுக்கி வைத்திருந்தோம்.

அந்த மோட்டலுக்கே திரும்பத் திரும்பப் போவதற்கு அந்தப் பலகைகள் ஒரு காரணம். இன்னொன்று விடியற்காலை. தடத்தைச் சமன் செய்யும் குரூமர் பெரும்பாலும் இரவில்தான் ஓடும். இழுத்துவிட்ட பனி சில மணித்தியாலம் குளிரில் இறுகவேண்டும். சனி காலை எட்டு மணிக்கு அந்தத் தடம் கார்ப்பெற் மாதிரி இருக்கும். பின்னேரம் இரண்டு மணிக்கு, நூற்றுக்கணக்கான ஸ்லெட் போனபிறகு, மேடும் பள்ளமுமாக முதுகெலும்பை எண்ணிவிடும். வாசலிலிருந்து புறப்படுகிறவனுக்கு அந்தக் காலை கிடைக்கும். கொட்டேஜில் ட்ரெய்லர் ஏற்றி, ரோட்டால் போய், இறக்கி, பிறகு தொடங்குகிறவனுக்குப் பின்னேரம்தான் கிடைக்கும். பெப்ரவரி ஃபமிலி டே நீள விடுமுறையில் அதுவும் கிடைக்காது, அந்தக் கிழமை வீட்டில் இருங்கள்.

இந்த வருடம் அக்காவுக்கும் வரவேண்டுமாம். "குளிர்ல கிடந்து நடுங்கிறதெண்டா, ஏரி தெரியிற அறையாப் பார்" என்றார். சரி என்று மோட்டலுக்கு போன் எடுத்தேன். ட்ரெய்லர் திருப்ப இடம் உண்டு, பெற்றோல் இரவு ஒன்பது வரை உண்டு, பலகையும் உண்டு. ஏரி தெரியும் அறை இருக்கிறதா என்று கேட்டேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பின்பக்க அறையில் இருந்து பார்த்தால் ரயர் கடை தெரியும்" என்றார்.

அத்தானிடம் சொன்னேன். "அக்காட்டச் சொல்லாத. புக் பண்ணு" என்றார்.